ஓம் என்றால் எதற்கு ஓம்?

வாக்குச்சீட்டில் இருக்கும் கேள்வியை எழுதியது யார் என்று எவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்கிறார்கள் என்றால் எங்கோ பிழை நடந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் நல்ல செய்தி அதுதான். நீங்கள் ஒழுங்காக வேலை செய்தால் உங்களை ஒருவருக்கும் தெரியவராது. சங்கங்களுக்கும் கூட்டுறவுக் குடியிருப்புகளுக்கும் யாப்பை, அதாவது அமைப்பு விதிகளை, திருத்துவதற்கான வாக்குக் கேள்விகளை எழுதுவதும் மொழிபெயர்ப்பதும்தான் கனடாவின் மொன்றியலில் என் பிழைப்பாக இருந்தது. ஆனால் நான் இருக்கும் டொலார்ட் என்ற புறநகரில் என் பக்கத்து வீட்டுக்காரர், நான் ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சட்டச் சொற்களை எங்கே தேடுவது, சீட்டை எப்படி அச்சுக்குக் கொடுப்பது என்பதையெல்லாம் அலுவலகத்தில் உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் சொல்லப்போவது மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த கதை. அதற்கு முன் ‘ஓம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விஷயம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார்தெரியில், அதாவது குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், ஒரு தகராறு. நாளைய சுற்றுலாவுக்கு மகன் வரவில்லையா என்று ஆசிரியை பிரெஞ்சில் கேட்டிருக்கிறார். எங்கள் தமிழ்த் தாய் சிரித்துக்கொண்டே “உய்”, அதாவது ‘ஆம்’, என்றிருக்கிறார். அடுத்த நாள் பஸ் வாசலில் இயந்திரத்தை ஓட விட்டபடி நிற்கிறது. பிள்ளையைக் காணவில்லை. தொலைபேசி எடுத்தால் தாய்க்குக் கோபம். “நான்தான் ஓம் எண்டு சொன்னனே!” சொன்னது உண்மைதான். ‘வரேல்லையோ’ என்று கேட்டால் நமக்கு ‘ஓம்’ என்பது ‘ஓம், வரவில்லை’. ஆசிரியைக்கு அது ‘ஆம், வருகிறான்’. இருவரும் சரி. பஸ் மட்டும் நின்றுகொண்டிருந்தது. எதிர்மறையாக ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ‘ஓம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்களைப் போடாதீர்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வதற்கு அந்த பஸ்தான் காரணம்.

இனி வில்லரே. இலங்கையில் சமாதானப் பேச்சு நடந்த வருடங்கள் அவை. போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்துவிட்டது என்று நம்மவர்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். மெத்ரோ ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒரு கூட்டுறவுக் குடியிருப்பில் பாதிப்பேர் தமிழர்கள். மிச்சப்பேர் கியூபெக்காரர்கள், ஹெயிட்டிக்காரர்கள், போர்த்துக்கேயர்கள். அந்தக் கூட்டுறவின் யாப்பில் ஏழாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உறுப்பினர் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் உறுப்புரிமை முடிந்துவிடும், வீடு காத்திருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போகும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு.

அதில் மாட்டிக்கொண்டவர் ஸ்டெல்லாவின் கணவர் அன்ரன். மன்னாரில் தகப்பனைப் பாரிசவாதம் படுக்கையில் தள்ளியதும் பார்க்கப் போனவர். தூக்கிக் குளிப்பாட்ட வேறு ஆளில்லை என்று அங்கேயே நின்றுவிட்டார். உறுப்பினராகக் கையெழுத்திட்டிருந்தது அன்ரன் மட்டும். ஸ்டெல்லா ஒரு வெதுப்பகத் தொழிற்சாலையில் வேலை செய்தபடி இரண்டு பிள்ளைகளோடு அதே வீட்டில்தான் இருந்தார். ஆனால் யாப்பின் கண்ணுக்கு ஸ்டெல்லா தெரியவில்லை.

ஏழாம் பிரிவை நீக்குங்கள் என்று அவர் நிர்வாகக் குழுவிடம் கேட்டார். நீக்குவதில்லை என்று குழு முடிவெடுத்தது. உறுப்பினர்கள் சிலர் கையெழுத்துச் சேர்த்து, பொதுக்கூட்டத்தில் வாக்கெடுப்பு வைக்கச் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைத்தால் யாப்புத் திருத்தப்படும்.

எதிர்ப்பக்கம் நின்றவர் கந்தசாமி அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஊரில் வருடக்கணக்காக இருந்துகொண்டு, இங்கே தன் வீட்டை இரகசியமாக வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஏழாம் பிரிவு வந்ததே அதனால்தான். அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் கந்தசாமி அண்ணை. அவருடைய தங்கை குடும்பம் ஒரு நிலக்கீழ் அறையில் ஈரச் சுவரோடு இருந்தபடி, வீடு எப்போது கிடைக்கும் என்று காத்திருந்தது.

கூட்டத்தில் தமிழருக்குத் தமிழில் சொல்வதற்காக மட்டும் என்னை அழைத்திருந்தார்கள். சீட்டு ஏற்கெனவே அச்சாகியிருந்தது. மொழிபெயர்ப்பு வேறு யாரோ செய்தது. வாசலில் ஒன்றைக் கையில் எடுத்து வாசித்தேன்.

‘ஏழாம் பிரிவை நீக்குவதில்லை என்ற நிர்வாகக் குழுவின் முடிவை நிராகரிக்க நீங்கள் உடன்படுகிறீர்களா?’

பிரெஞ்சு மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதுதான் சிக்கல். பிரெஞ்சில் ‘உடன்படுகிறீர்களா’ முதலில் வருகிறது, ‘நிராகரிக்க’ அதன் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்ததாக வருகிறது. தமிழில் ‘உடன்படுகிறீர்களா’ கடைசிச் சொல். மனிதர்கள் முதலில் பார்த்ததையும் கடைசியாகப் பார்த்ததையும் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ‘ஏழாம் பிரிவை நீக்குவதில்லை… உடன்படுகிறீர்களா?’

மண்டபத்துக்குள் போனதும் ஸ்டெல்லா என்னிடம் வந்தார். பின்னால் பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை.

“அக்கா, ஓம் எண்டு போட்டால் சரிதானே? லூசி அப்பிடித்தான் சொன்னவ.”

லூசி என்பது கூட்டுறவின் தலைவி. குழு எடுத்த முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, ஸ்டெல்லாவின் பக்கம்தான் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“எப்பிடிப் போடுறது எண்டு நான் சொல்லக்கூடாது ஸ்டெல்லா. கேள்வியை ஆறுதலா வாசியுங்கோ.”

“வாசிச்சுப் பாத்தன். தலை சுத்துது. லூசி சொன்னதைத்தான் போடப்போறன்,” என்று சிரித்தார்.

நான் கோட்டைக் கழற்றித் தொங்கவிடும்போது கந்தசாமி அண்ணை பக்கத்தில் தன் கோட்டைத் தொங்கவிட்டார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

“எப்பிடி அண்ணை?”

“நல்லம் பிள்ளை. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஓம் எண்டு போடச் சொல்லி. பிரிவை நீக்கிறேல்லை எண்டதுக்கு உடன்படுறமோ எண்டு கேட்டிருக்கினம். உடன்படுறம்! வேறை என்ன கதை?”

ஸ்டெல்லாவின் ஆட்களும் ஓம். கந்தசாமி அண்ணையின் ஆட்களும் ஓம். ஏழாம் பிரிவு ஏறக்குறைய ஒருமனதாக நீக்கப்படப்போகிறது. ஸ்டெல்லாவின் வீடு தப்பிவிடும். நான் வாயைத் திறக்காமல் கதிரையில் போய் இருந்தாலே போதும்.

உங்களிடம் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை. எனக்கு ஸ்டெல்லாவைப் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தபிறகு யாருக்கும் பிடிக்கும். பேசாமல் இருந்தால் நான் ஒரு விதியையும் மீறியதாகவும் ஆகாது. என் வேலை தமிழில் சொல்வது, கேள்வியைத் திருத்துவது அல்ல. இந்தத் தொழிலில் உங்களுக்கு வரப்போகும் கஷ்டமான நேரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கெட்டதைச் செய்யச் சொல்லி எவரும் கேட்கமாட்டார்கள். நல்லது ஒன்று தற்செயலாக நடக்கவிருக்கும், அதைக் குழப்பாமல் விட்டுவிடலாமே என்று தோன்றும்.

மேடைக்குப் போய் லூசியிடம் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னேன். “இந்தக் கேள்வி சிலருக்குத் தலைகீழாக விளங்குகிறது.”

“யாருக்கு?”

“பெயர் சொல்லமாட்டேன். பிரிவு இருக்க வேண்டும் என்பவர்கள் ஓம் போடப்போகிறார்கள்.”

லூசியின் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. “அப்படியானால் ஸ்டெல்லாவின் வீடு தப்பிவிடும்.”

“இன்றைக்குத் தப்பும். நாளைக்கோ மறுநாளோ ஒருவர் சீட்டை நிதானமாக வாசிப்பார், லூசி. அதற்குப் பிறகும் ஸ்டெல்லா அதே மாடிப்படியில்தான் ஏறி இறங்க வேண்டும். ஏமாந்தவர்களைத் தினமும் பார்க்க வேண்டும்.”

அவர் சீட்டை வாசித்தார். “பிரெஞ்சில் தெளிவாகத்தானே இருக்கிறது?” என்றார். கெட்டிக்காரி, நேர்மையானவர். ஆனால் கேள்வியை எழுதியவருக்கு அது எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும்.

“ஒன்று செய்வோம். உண்மையான வாக்குக்கு முன்னால் ஒரு ஒத்திகை. இதே வசனம். விஷயம் மட்டும் வேறு.”

“என்ன விஷயம்?”

மண்டபத்தின் பின்பக்கம் ரோஸ் என்ற ஹெயிட்டிப் பெண்மணி பெரிய கொதிகலத்தில் தண்ணீர் சுடவைத்துக்கொண்டிருந்தார். வெளியே எலும்பை ஊடுருவும் குளிர். வந்திருந்த எல்லோரின் கண்ணும் அந்தக் கொதிகலத்தின் மேல்தான். “தேநீர்,” என்றேன்.

லூசி ஒலிவாங்கியை எடுத்து, கைகளை உயர்த்தி ஒரு சிறு ஒத்திகை என்று அறிவித்துப் பிரெஞ்சில் கேட்டார். பிறகு நான் தமிழில். “இண்டைக்குத் தேத்தண்ணியை நிப்பாட்டுறதில்லை என்ற குழுவின் முடிவை நிராகரிக்க நீங்கள் உடன்படுகிறீர்களா?”

தமிழர் பக்கம் ஒரு கைகூடக் கீழே இல்லை. பிரெஞ்சுப் பக்கமும் பெரும்பாலானவர்கள் உயர்த்தியிருந்தார்கள். குழுவின் செயலாளர், அந்தக் கேள்வியைத் தட்டச்சுச் செய்தவர், அவரும் உயர்த்தியிருந்தார். லூசி கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தில் சலனமே இல்லாமல் சொன்னார்.

“நிறைவேறியது. தேநீர் இல்லை. ரோஸ், தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.”

ரோஸ் ஒரு நாடகக்காரி. எல்லோரும் பார்க்கும்படி கொதிகலத்தின் வயரைச் சுவரிலிருந்து இழுத்துக் கழற்றி உயர்த்திக் காட்டினார். யாரோ பிரெஞ்சில் “என்ன?” என்று கத்த, ஒரு தமிழ்ப் பெண் “என்னது, தேத்தண்ணி இல்லையோ!” என்று எழும்ப, மண்டபம் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் தன் கையை இன்னும் இறக்காமல் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காத ஒருவர் கந்தசாமி அண்ணை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சீட்டை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வாசித்தார். பிறகு எழும்பினார்.

“அப்ப நான் ஓம் எண்டு போட்டால் ஏழாம் பிரிவு போயிடுமோ?”

அதை நான் லூசிக்குப் பிரெஞ்சில் சொன்னேன். லூசி, “ஆம், போய்விடும்,” என்றார்.

“இது என்ன விளையாட்டு? ஆளைப் பேய்க்காட்டுற கேள்வியல்லோ இது!” அவர் குரல் மண்டபத்தை நிறைத்தது. அவருடைய ஆட்களும் எழும்பினார்கள். கொஞ்ச நேரம் ஒருவர் கதைப்பது ஒருவருக்கும் கேட்கவில்லை.

அந்தச் சத்தத்துக்குள் ஸ்டெல்லா என் அருகில் வந்து நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டிருந்தது. கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அக்கா, நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே?”

அந்த நிமிடத்தில் நான் செய்தது சரியா என்று எனக்கே தெரியாது. ஒரு வசனத்தைச் சரியாக்கப் போய் ஒரு தாயையும் பிள்ளைகளையும் வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டேனோ என்று எண்ணினேன். இதை நீங்கள் புத்தகங்களில் படிக்கமாட்டீர்கள். சரியானதைச் செய்த உடனேயே மனம் இலேசாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது பிந்தித்தான் வரும், சிலவேளை வராது.

லூசி மேசையைத் தட்டினார். அச்சிட்ட சீட்டுகளை ஒதுக்கிவைப்பது என்று கூட்டம் முடிவெடுத்தது. அந்த முடிவுக்கான கேள்வி ‘இவற்றை ஒதுக்கிவிடலாமா?’ என்பது மட்டும். அது எல்லோருக்கும் விளங்கியது. புதுக் கேள்வியை அங்கேயே எழுத என்னையும் செயலாளரையும் விட்டார்கள். நான் கந்தசாமி அண்ணையையும் ஸ்டெல்லாவையும் பக்கத்தில் இருத்தினேன்.

யாப்பில் என்ன மாறுகிறது என்று எழுதாதீர்கள், ஒருவரின் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். அப்படி நினைத்துத்தான் முதல் வரைவை எழுதினேன். ‘உறுப்பினர் மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் வீட்டை இழப்பார்.’

“‘இழப்பார்’ வேண்டாம்,” என்றார் கந்தசாமி அண்ணை. “அது அழுகை வரப்பண்ணுற சொல்லு. நீங்கள் அவவின்ர பக்கம் எழுதுறியள்.”

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வெட்டிவிட்டு, ‘வீடு நீண்டகாலம் காத்திருக்கும் குடும்பத்துக்குப் போகும்’ என்று எழுதினேன்.

“நீண்டகாலமோ?” என்றார் ஸ்டெல்லா. “அது அண்ணையின்ர தங்கச்சிக்காக எழுதினது. அடுத்த குடும்பம் எண்டாலே போதும்.”

“அதுவும் சரிதான்,” என்று கந்தசாமி அண்ணை முணுமுணுத்தார். அன்று அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

இப்படி ஒரு சொல்லை அவர் வெட்ட, ஒரு சொல்லை இவர் வெட்ட, கடைசியில் எலும்பு மட்டும் மிஞ்சியது. பெரிய தாளில் இரண்டு மொழியிலும் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

‘இப்போதைய விதி: உறுப்பினர் தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் அவருடைய உறுப்புரிமை முடியும், வீடு அடுத்த குடும்பத்துக்குப் போகும். இந்த விதியை நீக்க வேண்டுமா? ஓம்: விதி நீக்கப்படும். இல்லை: விதி தொடரும்.’

எழுதியதும் முடிந்தது என்று நான் விடவில்லை. கந்தசாமி அண்ணையை எழுந்து நிற்கவைத்து, ‘ஓம்’ என்றால் என்ன நடக்கும் என்று அவருடைய சொந்தச் சொல்லில் கேட்டேன். “விதி போயிடும். அன்ரன் எப்ப வந்தாலும் வீடு இருக்கும்.” ஸ்டெல்லாவிடம் ‘இல்லை’ என்றால் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். “விதி இருக்கும். நாங்கள் வெளிக்கிட வேணும்.” ஒவ்வொருவரையும் மற்றவரின் பதிலைச் சொல்லவைத்தேன். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தனக்குப் பிடிக்காத பதிலின் விளைவை ஒருவர் பிசகாமல் சொல்கிறார் என்றால் கேள்வி தேறிவிட்டது.

வாக்குக்கு முன்னால் இருவரும் பேசினார்கள். கந்தசாமி அண்ணை தங்கையின் அறையைப் பற்றிச் சொன்னார். சின்னப் பிள்ளைக்கு இழுப்பு, சுவரைத் தொட்டால் கை நனையும் என்றார். ஸ்டெல்லா மாமனாரைப் பற்றிச் சொன்னார். “இவர் அங்கை நிக்கிறது ஊர் பாக்கிறதுக்கில்லை. தகப்பனைத் திருப்பிப் படுக்க வைக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும். நாங்கள் வீட்டைப் பூட்டிப்போட்டுப் போகேல்லை. நானும் பிள்ளையளும் இஞ்சைதான் இருக்கிறம்.” குழப்பமான கேள்வியில் இந்த இரண்டு பேச்சுக்கும் இடமே இருந்திருக்காது. எல்லோரும் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவது என்பதைப் பற்றியல்லவா கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணும்போது நான் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று, வெளியே தன் காரின் மேல் கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்தேன். லூசி அறிவித்தார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓரிரு வாக்குகள்தான். பிரிவு நீக்கப்பட்டது. ஸ்டெல்லா கதிரையில் இருந்தபடியே முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் பயந்துபோய், “அம்மா, வென்றுவிட்டோமா?” என்று பிரெஞ்சில் கேட்டு அவரைப் பிடித்து உலுக்கினார்கள். ரோஸ் எவரையும் கேட்காமல் வயரைத் திரும்பச் செருகினார்.

கந்தசாமி அண்ணையின் ஆட்களில் யார் மனம் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவரவும் கூடாது. இரகசிய வாக்கின் அழகு அது. பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தகப்பனின் இறுதிக் காரியங்கள் முடிந்து அன்ரன் கோடையில் திரும்பிவந்தார். வந்ததும் செய்த முதல் வேலை ஸ்டெல்லாவையும் உறுப்பினராக்கியது. கந்தசாமி அண்ணையின் தங்கை குடும்பத்துக்கு அடுத்த வருடம் அதே கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. விண்ணப்பத்தை விடாமல் தள்ளிக்கொண்டு திரிந்தது லூசி என்று கேள்விப்பட்டேன்.

அன்று கூட்டம் கலைந்தபோது நான் வாசலில் பனிச் சப்பாத்தை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். கந்தசாமி அண்ணை வந்து முன்னால் நின்றார். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, எங்கட பழைய மாணவர் சங்கத்து யாப்பில ஒரு திருத்தம் வருது. பேந்து ஒருநாள் வந்து அந்தக் கேள்வியை எழுதித் தருவியளோ?”

எனக்கு ஆச்சரியம். “அண்ணை, இண்டைக்கு நீங்கள் தோத்தல்லோ போறியள்?”

“ஓம், தோத்துப்போனன். ஆனா என்னத்திலை தோத்தன் எண்டு எனக்கு வடிவா விளங்குது,” என்றார் அவர். “எங்கட சங்கத்தில வெண்டவங்களுக்கே தாங்கள் என்னத்திலை வெண்டது எண்டு இன்னும் தெரியாது.”